அங்கோர் பாஸ்: 1 நாளா, 3 நாளா, 7 நாளா?

கம்போடியாவுக்கு விமான டிக்கெட் எடுத்தவர்கள் பெரும்பாலும் அடுத்து வந்து நிற்கும் கேள்வி ஒன்றுதான். கம்போடியாவின் கெமர் மன்னர்களுடைய பழைய தலைநகரான அங்கோரின் கோயில்களைப் பார்க்க எத்தனை நாள் பாஸ் வாங்குவது? 1 நாள், 3 நாள், 7 நாள் என்று மூன்று வகை உண்டு. விலை முறையே 37, 62, 72 டாலர். 2017 பிப்ரவரியில் ஏற்றப்பட்ட விலை இது. அதற்கு முன் 20, 40, 60 டாலராக இருந்தது. 1 நாள் பாஸ்தான் கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது. 7 நாள் பாஸ் 12 டாலர் மட்டுமே கூடியது. அவசரமாகப் பார்த்துவிட்டு ஓடுகிறவர்களிடம் கூடுதலாக வாங்குவது, தங்கிப் பார்க்கிறவர்களுக்குக் குறைப்பது என்பதுதான் இந்த விலைப் பட்டியலின் போக்கு.

அங்கோரில் ஒவ்வொரு கோயிலுக்கும் தனி டிக்கெட் கிடையாது. அங்கோர் வாட் ஒன்றை மட்டும் ஒரு மணி நேரம் பார்க்க வேண்டுமென்றாலும் குறைந்தது 37 டாலர் கொடுக்கத்தான் வேண்டும். அதனால் "பாஸ் வாங்கலாமா, தனித்தனியாக டிக்கெட் எடுக்கலாமா" என்று மற்ற ஊர்களில் வரும் குழப்பம் இங்கே இல்லை. எந்தப் பாஸ் என்பது மட்டும்தான் கேள்வி.

டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒருவருக்கு 3,145, 5,270, 6,120 ரூபாய் ஆகிறது. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு இது சின்னத் தொகை அல்ல. யோசித்துத்தான் வாங்க வேண்டும்.

## எதை வைத்து முடிவு செய்வது

பலரும் கோயில்களின் பட்டியலைப் போட்டு, எண்ணி, நாளுக்கு ஆறு என்று வகுத்து எத்தனை நாள் என்று கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு அங்கோரில் ஒத்துவராது. இது ஒரு கோயில் வளாகம் அல்ல, ஒரு தலைநகரம். 9ஆம் நூற்றாண்டின் கடைசியில் முதலாம் யசோவர்மன் யசோதரபுரம் என்று பெயரிட்டு அமைத்த நகரும், அவனுக்கு முன்னும் பின்னும் வந்த மன்னர்கள் கட்டியவையும் சுமார் 400 சதுர கிலோமீட்டரில் பரவிக் கிடக்கின்றன. அதில் அங்கோர் தோம் என்ற கோட்டை நகரம் மட்டுமே பக்கத்துக்கு 3 கிலோமீட்டர் நீளமுள்ள சதுரம்.

நான் பார்க்கச் சொல்வது வேறு நான்கு விஷயங்களை.

முதலாவது, உங்கள் கையில் எத்தனை காலைகள் இருக்கின்றன என்பது. எத்தனை நாட்கள் என்பதல்ல. அங்கோரில் உருப்படியாகப் பார்க்கக்கூடிய நேரம் விடியலிலிருந்து பத்தரை, பதினொரு மணி வரை. அப்புறம் மூன்றரைக்கு மேல் இருட்டும் வரை. நடுவில் கல் சுடும். மதியம் 1 மணிக்குப் புடைப்புச் சிற்பங்களின் முன்னால் நிற்பவர்கள் சிற்பத்தைப் பார்ப்பதில்லை, நிழலைத்தான் தேடுகிறார்கள். மாலையில் வந்து இறங்கும் நாளையும், காலையில் கிளம்பிவிடும் நாளையும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இரண்டாவது, உடன் வருபவர்களின் கால்கள். அங்கோர் வாட்டின் மேல்தளத்துக்கான படிக்கட்டு ஏணி போல நிமிர்ந்து நிற்கும். பாப்புவோன், ப்ரே ரூப் கோயில்கள் இரண்டிலும் படிகள் செங்குத்துதான். அம்மா அப்பாவை அழைத்துச் செல்வதானால் இதுதான் முதல் அளவுகோல்.

மூன்றாவது, பாஸுக்கு வெளியே ஆகும் செலவு. வண்டி, வழிகாட்டி, தனி டிக்கெட் வேண்டிய இடங்கள் எல்லாம் நாள் கூடக் கூட ஏறும். பாஸ் விலையை மட்டும் பார்த்தால் 7 நாள்தான் மலிவு என்று தோன்றும். வண்டிச் செலவைச் சேர்த்தால் அப்படியில்லை.

நான்காவது, உங்களுக்கு இதில் எவ்வளவு ஈடுபாடு என்பது. இதை வெளிப்படையாகக் கேட்டுக்கொள்வதில் வெட்கமே இல்லை. தஞ்சாவூர் பெரிய கோயிலில் அரை மணி நேரம் இருந்துவிட்டுச் சாப்பிடப் போகிறவர் ஒருவகை. விமானத்தின் நிழல் நகர்வதைப் பார்த்துக்கொண்டே நாள் முழுக்க இருப்பவர் இன்னொரு வகை. இருவருக்கும் ஒரே பாஸைச் சொல்ல முடியாது.

## ஒரே பார்வையில்

| | 1 நாள் | 3 நாள் | 7 நாள் |
|---|---|---|---|
| விலை | 37 டாலர் | 62 டாலர் | 72 டாலர் |
| ஒரு நாளுக்கு | 37 டாலர் | சுமார் 20.70 டாலர் | சுமார் 10.30 டாலர் |
| எதற்குள் பயன்படுத்த வேண்டும் | குறித்த அந்த ஒரு நாள் | 10 நாட்களுக்குள் ஏதாவது 3 நாள் | ஒரு மாதத்துக்குள் ஏதாவது 7 நாள் |
| அவசரமில்லாமல் பார்க்கக்கூடியது | அங்கோர் வாட், பாயோன், தா ப்ரோம் | அவற்றோடு பெரிய சுற்று (26 கிலோமீட்டர் வழி), பந்தேய் ஸ்ரேய் | அவற்றோடு ரொலூஸ், கபால் ஸ்பியன், பிடித்ததை மறுபடி |
| ஒரு டுக்-டுக்குக்கு (ஆட்டோ போன்ற வண்டி) மொத்தம், தோராயமாக | 20 டாலர் | 65 முதல் 80 டாலர் | பயன்படுத்தும் நாளைப் பொறுத்து 120 டாலரைத் தாண்டும் |
| பெரிய ஆபத்து | மழை, உடல்நலம், அங்கோர் வாட்டின் மேல்தளம் மூடிய நாள் | ஏறக்குறைய இல்லை | மூன்றாம் நாளே அலுத்துவிடுவது |

இந்த அட்டவணையில் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. இரண்டு 1 நாள் பாஸ் வாங்கினால் 74 டாலர். அது 3 நாள் பாஸைவிட 12 டாலர் அதிகம், 7 நாள் பாஸைவிடவும் 2 டாலர் அதிகம். "முதலில் ஒரு நாள் பார்ப்போம், பிடித்திருந்தால் மறுநாளும் வாங்கிக்கொள்ளலாம்" என்று நினைப்பது புரிகிறது. ஆனால் விலையில் அதைவிட மோசமான வழி இல்லை. இரண்டு நாள் போகப்போகிறீர்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு 3 நாள் பாஸ். அதேபோல நான்கு நாள் தேவைப்படும் என்று தெரிந்தால் 7 நாள் பாஸ். 3 நாளோடு இன்னொரு நாள் சேர்த்தால் 99 டாலர் ஆகிவிடும்.

## 1 நாள் பாஸ்

பலர் இதைக் குறைத்துப் பேசுவார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். வியட்நாம், தாய்லாந்து, கம்போடியா என்று ஒரே பயணத்தில் மூன்று நாடுகளைக் கோத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு அங்கோருக்குப் பக்கத்து ஊரான சியெம் ரீப்பில் இரண்டு இரவுதான் கிடைக்கும். அதில் ஒரு முழு நாள். அப்படியிருந்தால் 1 நாள் பாஸே போதும், மனக்குறை வேண்டாம். மூன்றே மூன்று இடம் என்று முடிவு செய்துவிட்டுப் போங்கள்: அங்கோர் வாட், பாயோன், தா ப்ரோம். இந்த வழியைச் சின்னச் சுற்று என்கிறார்கள், 17 கிலோமீட்டர். பாப்புவோன், யானை மேடை, தா கியோ, பந்தேய் க்டெய் எல்லாம் வழியில் வரும். இறங்கி ஏறி எல்லாவற்றையும் "பார்த்துவிட்டேன்" என்று சொல்லலாம்தான். ஆனால் மாலையில் எது எந்தக் கோயில் என்று நினைவில் நிற்காது.

இந்தப் பாஸின் உண்மையான குறை வெளிச்சம். அங்கோர் வாட் மேற்கு நோக்கிய கோயில். 12ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இரண்டாம் சூரியவர்மன் விஷ்ணுவுக்காகக் கட்டியது. நம் கோயில் பழக்கத்துக்கு இது தலைகீழ். காலையில் சூரியன் கோபுரங்களுக்குப் பின்னாலிருந்து எழும். ஐந்து கோபுரங்களும் கறுத்த நிழலாக நிற்க, பின்னால் வானம் சிவக்கும். விடியற்காலை 5 மணிக்கே கூட்டம் அங்கே குளக்கரையில் இடம் பிடிப்பது அதற்காகத்தான். ஆனால் கோயிலின் முகம் வெளிச்சம் பெறுவது பிற்பகலில். திருச்சுற்றுச் சிற்பங்களுக்கும் திசைக்கேற்ற நேரம் உண்டு. கிழக்குச் சுற்றில் இருக்கும் பாற்கடல் கடையும் காட்சி, ஏறக்குறைய 49 மீட்டர் நீளம், காலை வெளிச்சத்தில் உயிர் பெறும். ஒரு பக்கம் 92 அசுரர்கள், மறு பக்கம் 88 தேவர்கள், நடுவில் விஷ்ணு. மேற்குச் சுற்றில் குருக்ஷேத்திரப் போரும் இலங்கைப் போரும் இருக்கின்றன. அவை பிற்பகலுக்கானவை. ஒரே நாளில் இரண்டையும் நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டுமென்றால் காலையிலும் மாலையிலும் அங்கோர் வாட்டுக்கே வரவேண்டும். நடுவில் பாயோனுக்கும் தா ப்ரோமுக்கும் கிடைப்பது உச்சி வெயில்தான்.

இன்னொன்று. அங்கோர் வாட்டின் மேல்தளத்தை பாகான் என்கிறார்கள். பௌத்தர்களின் புனித நாட்களில், அதாவது மாதத்தில் நான்கு நாட்கள், அங்கே யாரையும் ஏற விடுவதில்லை. 1 நாள் பாஸ் வாங்குகிறவர் தேதியைப் பார்க்காமல் அந்த நாளில் போய் நின்றால் அவ்வளவுதான். அமாவாசை, பௌர்ணமி, வளர்பிறை தேய்பிறை அஷ்டமி என்று நம் நாட்காட்டியைப் பார்த்தாலே ஏறக்குறையத் தெரிந்துவிடும். ஓட்டல்காரரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். மற்ற நாட்களிலும் ஒரு நேரத்தில் 100 பேரைத்தான் மேலே விடுவார்கள். 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அனுமதியில்லை.

மழைக்காலத்தில், மே முதல் அக்டோபர் வரை, 1 நாள் பாஸோடு போவது கொஞ்சம் துணிச்சல்தான். மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் கொட்டும். எனவே காலையை விட்டுவிடாதீர்கள்.

யாருக்குப் பொருந்தும்: ஒரே ஒரு முழு நாள் உள்ளவர்கள். கோயில்களைவிட ஊர், உணவு, டோன்லே சாப் ஏரி, சர்க்கஸ் இவற்றில் விருப்பம் உள்ளவர்கள். குழந்தைகளோடு போய், ஒரு நாளுக்கு மேல் அவர்கள் தாங்க மாட்டார்கள் என்று அறிந்தவர்கள்.

## 3 நாள் பாஸ்

என்னிடம் கேட்பவர்களில் பெரும்பாலோருக்கு நான் சொல்வது இதைத்தான். அதற்குக் காரணம் விலை மட்டும் அல்ல. இந்த மூன்று நாளும் தொடர்ந்து வர வேண்டியதில்லை. 10 நாட்களுக்குள் எந்த மூன்று நாளையும் எடுத்துக்கொள்ளலாம். ஒரு நாள் கோயில், மறுநாள் ஓய்வு, அப்புறம் மறுபடி கோயில் என்று வைத்துக்கொள்ள முடியும். தொடர்ச்சியாக மூன்று நாள் விடியற்காலை 4 மணிக்கு எழுந்து போனால், மூன்றாம் நாள் எவ்வளவு அழகான கல்லைக் காட்டினாலும் கண் வாங்காது. நடுவில் ஒரு நாள் விட்டால் மறுபடி பசியோடு பார்க்கலாம்.

இந்தப் பாஸ் திறந்துவிடும் இடங்களில் முதலாவது பந்தேய் ஸ்ரேய். தமிழர்கள் யாரும் இதை விட்டுவிட்டு வரக்கூடாது என்பேன். அங்கோரின் மையத்திலிருந்து வடகிழக்கே சுமார் 25 கிலோமீட்டர். ஊரிலிருந்து டுக்-டுக்கில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 967ஆம் ஆண்டு குடமுழுக்குக் கண்ட சிவன் கோயில். கட்டியவர் மன்னர் அல்லர், யக்ஞவராகர் என்ற அரச குரு. உயரத்தில் சின்னது. ஆனால் இளஞ்சிவப்பு மணற்கல்லில் ஒரு விரல் இடம் விடாமல் செதுக்கியிருக்கிறார்கள். கயிலையை ராவணன் அசைப்பதும், காமன் எரிவதும், காண்டவ வனத்தின் மேல் இந்திரன் மழை பொழிவதும் அங்கே இருக்கின்றன.

வாயில் முகப்பு ஒன்றில் ஆடும் சிவனைப் பாருங்கள். அவர் காலடியில் எலும்பும் தோலுமாக ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். அறிஞர்கள் அவளைக் காரைக்கால் அம்மையார் என்று அடையாளம் கண்டிருக்கிறார்கள். பேயுருவை வேண்டிப் பெற்று, இறைவன் ஆடும்போது அடியின்கீழ் இருக்கக் கேட்ட நம் அம்மையார், 10ஆம் நூற்றாண்டில் கெமர் சிற்பியின் உளிக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தார்? கெமர் எழுத்தே பல்லவ எழுத்திலிருந்து கிளைத்ததுதான். எழுத்து போன வழியில் பக்தியும் போயிருக்கிறது. 1 நாள் பாஸில் இதைப் பார்க்க முயல்கிறவர்கள் போகவர இரண்டரை மணி நேரத்தை இழந்து, அங்கோர் வாட்டுக்கான நேரத்தில் கை வைக்கிறார்கள். 3 நாள் பாஸில் ஒரு காலையை முழுக்க இதற்குக் கொடுக்கலாம்.

அடுத்தது பெரிய சுற்று, 26 கிலோமீட்டர்: ப்ரே கான், நியாக் பொவான், தா சோம், கிழக்கு மேபோன், ப்ரே ரூப். கூட்டம் பாதிகூட இருக்காது. ப்ரே கான் ஏழாம் ஜெயவர்மன் 1191இல் எழுப்பியது, நீளமான பிரகாரங்கள் ஒன்றுக்குள் ஒன்றாகப் போகும். ப்ரே ரூப் 961இல் கட்டிய மலைக்கோயில், அதாவது மலை போல அடுக்கடுக்காக எழுப்பியது, இரவு 7 மணி வரை திறந்திருக்கும். சூரிய அஸ்தமனத்துக்கு எல்லோரும் ப்னோம் பாக்கெங் குன்றுக்குத்தான் அனுப்புவார்கள். அங்கே ஒரு நேரத்தில் 300 பேருக்குத்தான் இடம், சீசனில் நாலு மணிக்கே வரிசை கட்டிவிடும். ப்ரே ரூப் எவ்வளவோ நிம்மதி.

மூன்று நாள் கையில் இருந்தால் தா ப்ரோமையும் நிதானமாகப் பார்க்கலாம். மரத்தின் வேர்கள் கோயிலைப் பிடித்திருக்கும் படம் எல்லோரும் பார்த்ததுதான். அந்த மரத்தின் முன் படம் எடுக்கவே வரிசையில் நிற்கிறார்கள். எனக்கு அங்கே பிடித்தது வேறு. இது 1186இல் ஏழாம் ஜெயவர்மன் தன் தாயின் நினைவாகக் கட்டியது. இங்கே கிடைத்த கல்வெட்டு 18 தலைமைக் குருக்கள், 615 நடனப் பெண்கள் என்று கோயிலில் இருந்தவர்களைக் கணக்கெழுதி வைத்திருக்கிறது. தஞ்சைக் கல்வெட்டில் ராஜராஜன் 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு வீடு கொடுத்ததை வாசித்தவர்களுக்கு இந்த எண் எவ்வளவு நெருக்கமாக இருக்கும்! இங்கே நடக்கும் சீரமைப்பில் இந்தியத் தொல்லியல் துறையும் பல ஆண்டுகளாகப் பங்கெடுத்திருக்கிறது. மண்டபத்தின் ஓரத்தில் எண் எழுதி அடுக்கிய கற்களைப் பார்த்தால் அந்த வேலையின் பொறுமை புரியும்.

மூன்று காலைகளை நான் இப்படி வைப்பேன். முதல் காலை பாயோனும் தா ப்ரோமும், மாலையில் அங்கோர் வாட்டின் மேற்குச் சுற்று. இரண்டாம் காலை பந்தேய் ஸ்ரேய், திரும்பும் வழியில் பெரிய சுற்றில் இரண்டு இடம், ப்ரே ரூப்பில் முடிப்பு. ஒரு நாள் இடைவெளி. மூன்றாம் காலை அங்கோர் வாட்டில் விடியல். விடிந்ததும் எல்லோரும் காலை உணவுக்குக் கலையும்போது நேராகக் கிழக்குச் சுற்றுக்குப் போய்விடுங்கள். பாற்கடல் கிட்டத்தட்ட உங்களுக்கு மட்டுமே கிடைக்கும்.

மறைந்திருக்கும் செலவு இங்கே வண்டிதான். சின்னச் சுற்றுக்கு டுக்-டுக் ஒரு நாளுக்கு 15 முதல் 20 டாலர், பெரிய சுற்றுக்குக் கொஞ்சம் அதிகம், பந்தேய் ஸ்ரேய் சேர்த்தால் 30 வரை போகலாம். விடியலுக்கு அழைத்துப் போகச் சில டாலர் கூடுதலாகக் கேட்பார்கள், அது நியாயம்தான். வண்டிக்குத்தான் வாடகை, தலைக்கு அல்ல. எனவே நால்வர் போனால் பங்கு குறையும், தனியாகப் போகிறவருக்குத்தான் கனக்கும். தனிப் பயணி சின்னச் சுற்றை சைக்கிளில் முடிக்கலாம். வழி முழுக்கச் சமதரை, மர நிழல்.

யாருக்குப் பொருந்தும்: இரண்டு அல்லது மூன்று காலைகள் உள்ள எல்லோருக்கும். வயதானவர்களோடு அரை நாள் அரை நாளாகப் போக விரும்புகிறவர்களுக்கு மிகவும்.

## 7 நாள் பாஸ்

பத்து டாலர்தானே வித்தியாசம் என்று வாங்கிவிடுகிறவர்கள் உண்டு. பத்து டாலர் பெரிதல்ல. ஆனால் அந்த நான்கு நாளும் வண்டி வேண்டும், சாப்பாடு வேண்டும், விடுதி வாடகை வேண்டும். உங்கள் திட்டத்தில் சியெம் ரீப்புக்கு நான்கு முழு நாளாவது இல்லையென்றால் அந்தப் பத்து டாலர் வீண்.

இருந்தால், இதைவிட நல்ல பாஸ் இல்லை. ஒரு மாதம் வரை செல்லும் என்பதால் நாளுக்கு ஒரு கோயில் என்று வைத்துக்கொள்ளலாம். வரலாற்றை வரிசையாகப் பார்க்கவும் வழி கிடைக்கும். ஊருக்குக் கிழக்கே ரொலூஸில் இருந்து தொடங்குங்கள். 879இன் ப்ரே கோ, 881இன் பாகோங், 893இன் லோலெய். அங்கோர் வாட்டுக்கு இரண்டரை நூற்றாண்டு முன்னே, மலைக்கோயில் என்ற எண்ணம் செங்கல்லிலும் கல்லிலும் எப்படி உருவானது என்று அங்கே தெரியும். பாகோங்கைப் பார்த்துவிட்டு அங்கோர் வாட்டுக்குப் போகிறவர் வேறு கண்ணோடு போவார். அப்புறம் கபால் ஸ்பியன்: காட்டுக்குள் ஒன்றரை கிலோமீட்டர் ஏறினால் ஆற்றின் படுகையிலேயே வரிசை வரிசையாக லிங்கங்கள், மேலே தண்ணீர் ஓடுகிறது. மழைக்காலம் முடிந்த கையோடு போனால் தண்ணீர் நன்றாக இருக்கும். பிற்பகல் 3 மணிக்கே உள்ளே விடுவதை நிறுத்திவிடுவார்கள்.

ஓவியம் வரைகிறவர்கள், படம் எடுக்கிறவர்கள், சிற்பக்கலை படிக்கிறவர்கள், வேலையை மடிக்கணினியில் தூக்கிக்கொண்டு ஒரு மாதம் தங்க வருகிறவர்கள் இவர்களுக்கெல்லாம் 7 நாள் பாஸ்தான். பாயோனின் வெளிச்சுற்றில் சந்தைக் காட்சியும், சேவல் சண்டையும், அண்டை நாடான சம்பாவோடு நடந்த படகுப் போரும் இருக்கின்றன. அவற்றை ஒரே தடவையில் பார்த்து முடிக்க முடியாது.

## பாஸ் எதுவாக இருந்தாலும் தனியாகச் செலவாகிறவை

மூன்று இடங்களை அங்கோர் பாஸ் தொடாது. குலேன் மலைக்கு 20 டாலர். 802இல் இரண்டாம் ஜெயவர்மன் தன்னைச் சக்கரவர்த்தியாக அறிவித்துக்கொண்டது அங்கேதான். கோ கெர் என்ற பழைய தலைநகருக்கு 15 டாலர். வெகு தூரம், காரில்தான் போக வேண்டும். ஊருக்குள் உள்ள அங்கோர் தேசிய அருங்காட்சியகத்துக்கு 12 டாலர். 7 நாள் பாஸ் வாங்கிவிட்டோம், எல்லாம் அடக்கம் என்று நினைத்துக் குலேன் வாசலில் மறுபடி பணம் எடுக்கும்போது பலருக்கு எரிச்சல் வருகிறது.

வழிகாட்டி வேண்டுமா? அங்கோர் வாட்டுக்கும் பாயோனுக்கும் ஒரு நாள் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். உரிமம் பெற்றவர்களுக்குச் சீருடை உண்டு. ராமாயணமும் பாரதமும் நமக்குத் தெரியும், ஆனால் கெமர் சிற்பி அதை எந்த வரிசையில் சொல்கிறான் என்பதைக் காட்ட ஆள் வேண்டும். மற்ற நாட்களுக்கு வேண்டியதில்லை.

உடையிலும் ஒரு செலவு ஒளிந்திருக்கிறது. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். துண்டைப் போர்த்திக்கொண்டால் மேல்தளத்தில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். சாப்பாட்டில் சைவம் பிடிப்பவர்கள், கோயில்களுக்கு எதிரே உள்ள கடைகளில் "காய்கறி மட்டும்" என்பதோடு நிறுத்தாமல் மீன் சாறும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். ஊருக்குள் இந்திய உணவகங்கள் இருக்கின்றன. அங்கோர் வாட்டிலிருந்து ஊர் ஆறேழு கிலோமீட்டர்தான். மதியம் திரும்பி, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டுவிட்டு மாலையில் மறுபடி போவது எல்லா வகையிலும் நல்லது. முன்பே பேசிவிட்டால் டுக்-டுக்காரர்கள் இதற்கு ஒத்துக்கொள்வார்கள்.

## குடும்பமாகப் போனால் எல்லோருக்கும் ஒரே பாஸ் எதற்கு?

பாஸ் தலைக்குத் தலை தனி. இதைப் பலர் யோசிப்பதே இல்லை. கணவன், மனைவி, மாமனார், மாமியார், 10 வயதுப் பெண் என்று ஐந்து பேர் போகிறார்கள் என்று வையுங்கள். 12 வயதுக்குக் கீழே இலவசம், கடவுச்சீட்டைக் காட்டினால் போதும். நால்வருக்கும் 3 நாள் பாஸ் வாங்கினால் 248 டாலர். பெரியவர்களுக்கு ஒரு நாளுக்கு மேல் நடக்க முடியாது என்றால் அவர்கள் இருவருக்கும் 1 நாள், தம்பதிக்கு 3 நாள்: 198 டாலர். 50 டாலர் மிச்சம். பெரியவர்களின் அந்த ஒரு நாளை நன்றாகத் தேர்ந்தெடுங்கள். காலையில் அங்கோர் வாட்டின் கீழ்ச்சுற்று, பிற்பகலில் பந்தேய் ஸ்ரேய். இரண்டிலும் செங்குத்துப் படி ஏற வேண்டியதில்லை, இரண்டிலும் அவர்கள் அறிந்த கதைகள் இருக்கின்றன. மற்ற நாட்களில் அவர்கள் விடுதியில் ஓய்வெடுக்கட்டும். ஆனால் 12 வயதைத் தாண்டிய பிள்ளைக்கு முழு விலை, மாணவர் சலுகையோ மூத்தோர் சலுகையோ கிடையாது.

பயணக் குழுவோடு போகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன் ஒரே கேள்வி கேளுங்கள்: அங்கோர் பாஸ் கட்டணத்தில் சேர்ந்ததா, சேர்ந்ததென்றால் எத்தனை நாள்? "அங்கோர் தரிசனம்" என்று அச்சிட்டிருப்பது பெரும்பாலும் 1 நாள் பாஸ்தான். உங்களுக்கு இரண்டு நாள் வேண்டுமென்றால் பாஸைக் கழித்துக்கொண்டு விலை சொல்லச் சொல்லுங்கள், 3 நாள் பாஸை நீங்களே வாங்கிக்கொள்ளலாம்.

## வாங்குவது

விற்பது அங்கோர் என்டர்பிரைஸ் என்ற அரசு அமைப்பு மட்டும்தான். அவர்கள் இணையத்தில் வாங்கலாம், அல்லது சியெம் ரீப் ஊருக்கு நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அலுவலகத்தில் நேரில் வாங்கலாம். விடுதியிலோ தெருவிலோ யாராவது பாஸ் விற்றால் வாங்காதீர்கள். பாஸில் உங்கள் படம் இருக்கும், வேறொருவர் பயன்படுத்த முடியாது. ஒவ்வொரு பெரிய கோயிலிலும் கேட்பார்கள். ஒவ்வொரு பாஸிலும் 2 டாலர் காந்தா போபா குழந்தைகள் மருத்துவமனைகளுக்குப் போகிறது. கம்போடியக் குழந்தைகளுக்கு அங்கே இலவச சிகிச்சை.

நேரில் வாங்குவதில் ஒரு லாபம் உண்டு. மாலை 5 மணிக்கு மேல் வாங்கினால் மறுநாளிலிருந்துதான் கணக்கு, ஆனால் அன்று மாலையே உள்ளே விடுவார்கள். ஒரு மாலை இலவசம். 1 நாள் பாஸ்காரர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் 2023 அக்டோபரில் திறந்த புதிய விமான நிலையம் ஊரிலிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. விமானம் பிற்பகல் 3 மணிக்குள் இறங்கினால்தான் இந்த மாலை கைக்கு வரும். டிசம்பர், ஜனவரியில் சீக்கிரம் இருட்டும் என்பதால் ப்ரே ரூப் வரை ஓடாமல் அங்கோர் வாட்டின் அகழிக் கரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மாலை 4 மணிக்கு மேல் இறங்குகிறவர்கள் இதற்காக அலைய வேண்டாம், இணையத்திலேயே வாங்கிவிட்டு விடியலுக்கு நேராகப் போய்விடலாம்.